நின்றபடி வீலிங்: வலது காலில்தான் விஷயம் (கேள்வி பதில்)

பெரும்பாலும் 150 முதல் 400 சிசி வரையிலான ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கான பதில்கள் இவை. இடம்: மூடிய மைதானம், சமமான தரை, குறைந்தது 200 மீட்டர் நேர் ஓட்டம். ஹெல்மெட், முதுகுக் கவசம், முழங்கால் முழங்கை கார்டு, கணுக்காலை மூடும் ஷூ எல்லாம் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, பல்சர் என்எஸ் 200 வச்சிருக்கேன். உட்கார்ந்தா நல்லா தூக்குது. நின்னா ஒரு அடிக்கு மேல எழும்பல. ஆக்சிலேட்டர் இன்னும் கொடுக்கணுமா?

வேண்டாம் தம்பி. நிற்கும்போது உங்கள் எடை உயரத்தில் இருக்கிறது. உட்கார்ந்து தூக்குவதைவிட இது சுலபமாக எழ வேண்டும். எழவில்லை என்றால் கையால் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். முழங்கை மடங்கினால் உடம்பு ஹேண்டில்பாரை நோக்கிப் போகும், எடை முன் வீலில் ஏறும். கை இரண்டும் கயிறு மாதிரி நீண்டு இருக்கட்டும்.

முதல் கியர், சீராக 15-20 கி.மீ. வேகம். முழங்காலை மடக்கி ஃபோர்க்கை (முன் வீலைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள்) ஒரு அழுத்து அழுத்துங்கள். ஃபோர்க் திரும்பி மேலே வரும் அதே நொடியில் இடுப்பைப் பின்னால் தள்ளி, ஒரு விரலால் பிடித்த கிளட்சை விடுங்கள். விடும்போது ஆர்பிஎம் 5,500-6,500 இருந்தால் போதும். ஃபோர்க் இறங்கும்போது கிளட்சை விட்டால் பாதி சக்தி அதிலேயே போய்விடும். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான்.

கேள்வி: கால் ரெண்டும் முன் ஃபுட்ரெஸ்ட்லதான் இருக்கணுமா?

இடது கால் பின் ஃபுட்ரெஸ்ட்டில், வலது கால் முன்னால், பாதத்தின் முன்பகுதி பின் பிரேக் மிதியின் மேல். இடது கால் பின்னால் இருந்தால் எடை தானாகப் பின்னால் போகும். வண்டி மல்லாந்தாலும் பின்பக்கம் இறங்கி ஓடலாம். வலது காலை மட்டும் எக்காரணம் கொண்டும் நகர்த்தாதீர்கள்.

கேள்வி: பேலன்ஸ் பாயின்ட் (வண்டி முன்னாடியும் விழாம பின்னாடியும் சாயாம நிக்கிற நிலை) கிட்ட போனதும் பயத்துல ஆக்சிலேட்டரை விட்டுடறேன். முன் வீல் டமால்னு விழுது. பயத்தை எப்படிப் போக்கறது?

பயம் போக வேண்டியதில்லை, கால் பழகினால் போதும். மல்லாந்து விழுபவர்களைக் கவனியுங்கள்: உடம்பு பின்னால் சாயும், கை ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்கும், ஆக்சிலேட்டர் இன்னும் திறக்கும். அந்த நேரத்தில் கையை நம்ப முடியாது. பின் பிரேக்கைத் தொட்டால் முன்பக்கம் இறங்கும், அவ்வளவுதான்.

அதனால் உயரத்தை மறந்துவிட்டு இதைச் செய்யுங்கள். ஒரு அடி தூக்குங்கள், ஆக்சிலேட்டரை மூடாமல் பின் பிரேக்கால் மட்டும் இறக்குங்கள். ஒரு நாளைக்கு 50 தடவை, தொடர்ந்து ஒரு வாரம். யோசிக்காமலே கால் வேலை செய்ய ஆரம்பித்த பிறகு இரண்டு அடி, பிறகு மூன்று. மிதியை மிதிக்கக் கூடாது, வருட வேண்டும். ஓங்கி மிதித்தால் முன் ரிம் கோணும்.

பேலன்ஸ் பாயின்ட் வந்துவிட்டதை ஆக்சிலேட்டரே சொல்லும்: திருகத் தேவையில்லாமல் வண்டி தானே நிற்கும். அங்கிருந்து பின்னால் போனால் பிரேக், முன்னால் விழுந்தால் துளி ஆக்சிலேட்டர்.

கேள்வி: தூக்கினதும் வண்டி இடது பக்கமா இழுத்துக்கிட்டே போகுது.

இடது கால் பின்னால் இருப்பதால் இடுப்பும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். வலது ஃபுட்ரெஸ்ட்டில் எடை கொடுத்து இடுப்பை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். காற்றில் இருக்கும் வீலைத் திருப்பி என்ன பயன்? பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருந்தாலும் இப்படி வரும்.

கேள்வி: டயர் காத்து எவ்வளவு? ஸ்ப்ராக்கெட் மாத்தணுமா?

பின் டயரில் 22-24 பிஎஸ்ஐ. தரையில் படும் பரப்பு கூடும், பக்கவாட்டு ஆட்டம் குறையும். இன்னும் இறக்கினால் டியூப்லெஸ் டயர் ரிம்மை விட்டு நழுவும் அபாயம். வீட்டுக்குக் கிளம்பும் முன் பழைய அளவுக்கு நிரப்புங்கள்.

ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல் சக்கரம்) சின்ன மாற்றம் போதும். முன்னால் 15, பின்னால் 45 பல் உள்ள வண்டியில் முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம், செலவும் குறைவு. ஸ்ப்ராக்கெட் மாற்றியதும் ஆக்சிலேட்டர் துள்ளும், புதிதாகப் பழக வேண்டியிருக்கும்.

கேள்வி: யமஹா ஆர்எக்ஸ் 100ல ரொம்ப நேரம் தூக்கினா ஆயில் இல்லாம இன்ஜின் சீஸ் ஆகுமா (இறுகி நின்னுடுமா)?

நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்குத்தான் அந்தக் கவலை. செங்குத்தாக நிற்கும்போது ஆயில் பின்னால் ஓடி பம்ப் காற்றை உறிஞ்சும். மேல் குறி வரை நிரப்புங்கள், ஆயில் விளக்கு எரிந்தால் உடனே இறக்குங்கள். ஆர்எக்ஸ் இரண்டு ஸ்ட்ரோக்; பெட்ரோலோடு போகும் ஆயில்தான் கிராங்கை நனைக்கிறது. அதில் வரும் தொல்லை கார்புரேட்டர்: சாய்வில் ஃப்ளோட் இடம் மாறும், இன்ஜின் திணறும்.

கேள்வி: ஃபோர்க் ஆயில் சீல் மாசம் ஒரு தடவை போகுது அண்ணா.

இறக்கும்போது ஆக்சிலேட்டரை முழுதாக மூடுகிறீர்கள். வீல் தரையைத் தொடும் முன் துளி கொடுத்தால் மெத்தென்று இறங்கும். ஹேண்டில்பார் நேராக, முன் பிரேக் பக்கம் விரலே போகக் கூடாது. கோன் செட்டையும் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்) பாருங்கள்: முன் வீலைத் தூக்கி நிறுத்தி ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக்' என்று கேட்டால் இறுக்கம் போயிருக்கிறது.

கேள்வி: விடியற்காலை பைபாஸ் காலியாதானே இருக்கு, அங்க பழகலாமா?

கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 184வது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிட, தூக்கிய வண்டியில் உங்களுக்கு முன்னால் இருப்பது தெரியாது. குறுக்கே ஒரு மாடு போதும்.

கேள்வி: பத்து தடவை தூக்கினதும் கருகின வாசனை வருது.

கிளட்ச் பிளேட். பத்து நிமிடம் ஆற விடுங்கள். பிறகு நான்காவது கியரில் முறுக்கிப் பாருங்கள். வேகம் கூடாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் பிளேட் தேய்ந்துவிட்டது. லீவரில் 2-3 மி.மீ. தளர்வு இருக்கட்டும், இல்லையென்றால் புது பிளேட்டும் அதே கதிதான்.