தைலமரத்துக்குப் பக்கத்தில் கடலை தேறவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: ஆலங்குடிப் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் செம்மண் நிலம். மானாவாரிக் கடலை போடுகிறேன். வடக்கே பக்கத்து நிலத்துக்காரர் தைலமரம் வைத்து ஐந்தாவது வருடம் நடக்கிறது. வரப்பை ஒட்டி இருபது அடிக்குச் செடி சாண் உயரம்கூட வருவதில்லை. பிடுங்கினால் பாதி பொக்கு. தழை விழுந்து மண்ணே விஷமாகிவிட்டது என்கிறார்கள். உண்மையா? அடுத்த வருடம் மரத்தை வெட்டிவிட்டு, அந்த ஒரு ஏக்கரை என்னையே குத்தகைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: ஐயா, விஷம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். வரப்போர மண்ணில் மூன்று தொட்டி, நடு வயல் மண்ணில் மூன்று தொட்டி. ஒரே விதையைப் போட்டு ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்தால் மண்ணில் குற்றம் இல்லை. வயலுக்குள் வந்திருக்கும் வேர்தான் காரணம். உங்கள் விஷயத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மழை இடைவெளி விட்டதும் வரப்போரச் செடிதான் முதலில் வாடுகிறதா என்றும் கவனியுங்கள். வாடினால், ஈரத்தை மரம் முந்திக்கொள்கிறது என்று அர்த்தம். ஆடியில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருப்பதால் வரப்போரத்தில் கொஞ்சம் நிழலும் விழும்; ஆவணிக்குப் பிறகு அது குறைந்துவிடும்.

தழையில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதிலுள்ள எண்ணெயும் பீனால் வகை வேதிப்பொருள்களும் விதை முளைப்பைத் தடுக்கக்கூடியவை. சருகு தடிமனாகக் கிடந்த இடத்தில் முதல் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடுவதையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் மழையில் கரைந்தும் நுண்ணுயிர்களால் மட்கியும் இந்த வேகம் குறைந்துவிடும். உங்கள் பக்கம் விழும் சருகை உழவுக்கு முன் கூட்டி எடுத்துவிடுங்கள், போதும்.

வேருக்கு வைத்தியம் பள்ளம்தான். வரப்பிலிருந்து மூன்றடி தள்ளி, உங்கள் நிலத்துக்குள், இரண்டடி அகலம், மூன்றடி ஆழத்தில் நீளமாக வெட்டுங்கள். குறுக்கே வரும் வேர்களைச் சுத்தமாக நறுக்கிவிட வேண்டும். மரத்தின் அடியை ஒட்டி வெட்டாதீர்கள்; ஒரு பக்க வேர் போனால் காற்றில் சாயும், அப்புறம் வழக்குதான். பள்ளத்தைச் சருகாலும் மண்ணாலும் தூர்ந்துபோக விட்டால் வேர் மறுபடி தாண்டிவிடும். வருடம் ஒரு முறை, கோடை உழவோடு, தூர் எடுத்து வேரை நறுக்குங்கள். பலர் ஒரு தடவை வெட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். மூன்றாம் வருடம் "பள்ளம் போட்டும் பயனில்லை" என்பார்கள். ஆடு மாடு விழாமல் ஓரத்தில் முள் போட்டு வையுங்கள்.

பள்ளத்துக்கும் வரப்புக்கும் நடுவே கிடக்கும் மூன்றடியில் கடலை வேண்டாம். கொழுக்கட்டைப் புல் விதைத்துவிட்டால் மாட்டுக்கு ஆகும்.

பொக்குக்குத் தனியாக ஒன்று. காய் பிடிக்கும்போது கடலைக்குச் சுண்ணாம்புச் சத்து மண்ணிலிருந்து நேராகக் காய்க்கே போக வேண்டும். மண் காய்ந்தால் அது நடக்காது. ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம், விதைத்த 40 முதல் 45 நாளுக்குள், ஈரம் இருக்கும்போது போட்டு மண் அணையுங்கள். இதை இரண்டு ஏக்கருக்கும் செய்யலாம்.

கிணற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இருநூறு அடி ஆழத்து நீரை இந்த மரம் உறிஞ்சிவிடும் என்பது மிகை. ஆனால் மழைநீர் கீழே இறங்குவதற்கு முன்பே மேல் மண்ணிலேயே குடித்துவிடும். கர்நாடகத்தில் ஹோஸ்கோட்டைப் பக்கம் நடந்த ஆய்வில், மண் ஆழமாக இருந்த இடத்தில், மண்ணில் ஏற்கெனவே தங்கியிருந்த ஈரத்தையும் சேர்த்து, பெய்த மழையைவிட அதிகமான நீரை மரங்கள் எடுத்தது தெரிந்தது. அந்த மாநிலம் 2017இல் புதிதாகத் தைலமரம் நடுவதைத் தடை செய்ததற்கு நிலத்தடி நீர்க் கவலைதான் காரணம்.

சரி, குத்தகை. எடுக்கலாம், ஆனால் முதல் வருடம் லாபம் எதிர்பார்க்காதீர்கள். மண்ணுக்குள் கிடக்கும் வேர் மட்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். பயிர் வெளுத்து நிற்கும். அதனால் முதல் மழைக்குச் சணப்போ கொழிஞ்சியோ விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். மண் பரிசோதனை செய்து, தொழுவுரம் கொடுத்து, அடுத்த பட்டத்தில் உளுந்து போடுங்கள். மரம் வெட்டும்போது பட்டையையும் இலையையும் அங்கேயே விட்டுப் போகச் சொல்லுங்கள். மரம் எடுத்த சுண்ணாம்புச் சத்தில் பெரும் பங்கு பட்டையில்தான் இருக்கிறது. அதை வண்டி ஏற்றிவிட்டால் நிலம்தான் நஷ்டப்படும். இலையை மட்டும் பச்சையாக மடக்கி உழாமல் ஒரு மூலையில் குவித்து மட்க வையுங்கள்.

ஒன்றை மட்டும் பேச்சோடு விடாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: அடிக்கட்டையைப் பெயர்த்து எடுக்கும் பொக்லைன் செலவு யாருடையது என்பதை. கட்டை இருந்தால் இரண்டே மாதத்தில் மறுதாம்பு துளிர்க்கும், உழவும் ஓட்ட முடியாது. அந்தச் செலவு உங்கள் தலையில் விழுந்தால், குத்தகைத் தொகையில் அதைக் கழித்துக்கொள்ள அவர் சம்மதிக்க வேண்டும்.