ஆந்தை பார்க்க எந்தக் கரை?

கேள்வி: சூலூர் குளத்தில் மூன்று நாள் இருட்டும்வரை நின்றோம். கொக்கு, நாரைதான் தென்பட்டன. ஆந்தை வேட்டையாடுவதை எங்கே போனால் பார்க்கலாமுங்க?
– வாசகர், சூலூர்

பதில்: தண்ணீர்ப் பக்கம் பார்த்து நின்றிருப்பீர்கள். கூகைக்கு (சாவுக்குருவி என்று விரட்டுகிறோமே, அதேதான்) எலி வேண்டும். எலி இருப்பது நீர் வற்றிக் கோரை முழங்காலளவு நிற்கும் ஓரத்திலும், ஒட்டிய நெல்வயல் வரப்பிலும். ஆகாயத்தாமரை மூடிய பக்கம் போய் நிற்பது வீண்.

முதலில் பகலில் ஒரு நடை போய் வாருங்கள். வரப்பில் புதுமண் தள்ளிய வளைகள் இருக்கிறதா? பக்கத்துப் பாழடைந்த சாளை, மோட்டார் ரூம், பொந்துள்ள பனைமரத்தடியில் கட்டைவிரல் பருமனில் கருஞ்சாம்பல் உருண்டைகள் கிடக்கிறதா? பிய்த்தால் எலிமயிரும் எலும்பும் வரும். கூகை செரிக்காமல் கக்கியவை. இரண்டும் இருந்தால் அந்த இடம்தான்.

தை, மாசி நல்லது. காற்று அடங்கியிருக்கும், குளத்தோரம் காயத் தொடங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று அடிக்கும் நாளில் போகாதீர்கள். கூகை காதை நம்பி வேட்டையாடுவது. புல் சலசலத்தால் எலி அசைவது அதற்குக் கேட்காது. மழையில் இறகு நனைந்துவிடும், அதனால் அன்றும் வராது.

கிழக்குக் கரையில் மேற்கு பார்த்து, மரத்தை ஒட்டி உட்காருங்கள். சூரியன் மறைந்து அரைமணி நேரம் வரை வானத்தில் மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் உருவம் தெரியும். பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10x42 மங்கலில் இன்னும் இருட்டடிக்கும். டார்ச்சைக் கூகைமேல் அடிக்க வேண்டாம். காலில் ஷூ கட்டாயம், கண்ணாடி விரியன் வெளியே வரும் நேரமும் அதுதான்.

2024இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த திருப்பூர் நஞ்சராயன் குளமோ, ஈரோடு வெள்ளோடோ என்றால் இரண்டும் சரணாலயம். இருட்டியபின் உள்ளே இருக்க வனத்துறை அனுமதி வேண்டும். வெளியே உள்ள வயல்களே தோது. தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், நாய் அவிழ்த்துவிடும் நேரம் அது.

கேள்வி: மார்கழியில், வெளிச்சம் இருக்கும்போதே ஒன்று புல்லுக்கு மேல் தாழப் பறந்தது. பருந்தா, ஆந்தையா?
– வாசகி, ஈரோடு

பதில்: வாலைப் பாருங்கள். சேற்றுப் பூனைப்பருந்துக்கு வால் நீளம், தலை சிறிது. கழுத்தே இல்லாததுபோல் பெரிய தலை, குட்டை வால், இறக்கை மடிப்பில் கருந்திட்டு என்றால் குட்டைக்காது ஆந்தை. பனிக்காலத்தில் வலசை வருவது, நம் பக்கம் அரிது. தரையில்தான் உட்காரும்; இறங்கிய இடத்துக்கு நடந்து போனால் கிளம்பிவிடும். போட்டோ எடுத்து வைத்திருந்தால் இறக்கை நுனியையும் பாருங்கள், கறுத்திருக்கும்.