கோட்டைத் தேவாலயம்: கொங்கிறீற்றா, சுண்ணாம்பா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்ணைக் கடலோரம் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம், 1990 சண்டையில் கற்குவியலாகிப் போனது. கொங்கிறீற்றுத் தூண் நிறுத்தி அதே வடிவில் எழுப்பினால் எங்கட பிள்ளைகளாவது பார்ப்பார்களே? ஏன் தயங்குகிறார்கள்?

வாசகர், கொழும்புத்துறை

அன்புடையீர்,

உங்கள் ஆதங்கம்தான் எனக்கும். ஆனாலும் கொங்கிறீற்று வேண்டவே வேண்டாம்.

தேவாலயம் கட்டிய முருகைக்கல், அதாவது கடற்பவளக் கல், முழுக்கத் துவாரம். கடற்காற்றின் ஈரமும் உப்பும் அதற்குள் போய்க்கொண்டே இருக்கும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தைத் தன் வழியாக வெளியே விடும், சீமெந்து விடாது. அப்போது ஈரம் கல்லின் முகத்தால் உலர, உப்பு அங்கேயே பளிங்காகிக் கல்லை உடைக்கும். சீமெந்து பூசித் திருத்திய பழைய முருகைக்கல் மதிலைத் தடவிப் பாருங்கள். கல் மாவாய் உதிர்ந்து குழிந்திருக்கும். சீமெந்து மட்டும் வயல்வரம்புபோலத் துருத்தி நிற்கும். தூணுக்குள் போடும் கம்பியும் உப்பில் துருப்பிடித்து, பருத்து, கொங்கிறீற்றையே பிளக்கும்.

கட்டுவதற்கு முன்னர் கல்லைக் காப்பாற்ற வேண்டும். 1988 கரையோரப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்பின் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ முடியாது. அங்கே கிடக்கும் கல்லுக்கு மாற்றுக் கல் இல்லை. குவியலில் கைவைக்குமுன் கயிறு கட்டி இரண்டு மீற்றர் சதுரங்களாகப் பிரித்துப் படம் எடுக்க வேண்டும். ஆப்பு வடிவ வளைவுக்கற்களையும் விளிம்பு செதுக்கிய கற்களையும் வேறாக அடுக்கவேண்டும். இலக்கத்தைச் சாந்துக்குள் மறையும் பக்கத்தில் எழுதுங்கள், முகத்தில் அல்ல. நிற்கும் சுவரில் முளைத்த ஆலையோ அரசையோ இழுத்துப் பிடுங்கினால் வேரோடு சுவரும் வரும். அறுத்துவிட்டு, வேர் செத்தபின் கல்மூட்டுகளைத் தளர்த்தி எடுக்கவேண்டும்.

உப்பேறிய கல்லை நன்னீரில் ஊறவிட்டு நீரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஊறிய நீரில் இரண்டு துளி வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் விட்டால் போதும், பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலேயே இருக்கும். பால்போல வெண்மை திரண்டால் உப்பு இன்னும் இருக்கிறது.

சாந்துக்கு நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் மூன்று மாதமாவது புளிக்க விடுங்கள். பிறகு சுண்ணாம்பு ஒன்றுக்குக் கழுவிய மணல் மூன்று. கடல்மணல் கூடாது. ஒரு தரத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்குமேல் பூசினால் வெடிக்கும். பூசியதை ஒரு கிழமையாவது ஈரச்சாக்கால் மூடிவைக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல உறிஞ்சித்தான் இறுகும். திறப்புவிழாத் திகதிக்கு ஓடும் ஒப்பந்தகாரர் கைகளில் இந்த வேலை கெட்டுப்போவது இதனால்தான்.

ஆகவே தொல்லியல் திணைக்களத்துக்கு எழுதுவதானால், கட்டடத்தைப் பிறகு கேளுங்கள். கற்களுக்கு ஒரு பதிவேட்டை முதலில் கேளுங்கள்.