ஒடாகோ ரயில் தடத்தில் சைக்கிள்: கேள்வி பதில்

நியூசிலாந்தின் தென் தீவில், மிடில்மார்ச்சுக்கும் கிளைடுக்கும் இடையே தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டிருக்கும் பாதை. 152 கிலோமீட்டர். மூன்று முறை போய்வந்தவள் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன.

அக்கா, எனக்கு 58 வயது. மலைப்பக்கம் என்கிறார்களே, ஏற முடியுமா?

தாராளமாக. நீராவி இன்ஜின் சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஏறிய வழி இது. 50 அடி போனால் ஓரடிக்கு மேல் உயரக்கூடாது என்று கணக்குப் பார்த்து, மலையைச் சுற்றி வளைத்துப் போட்டிருக்கிறார்கள். உச்சியே 618 மீட்டர்தான். கஷ்டப்படுத்துவது எதிர்காற்றும் சரளைக்கல்லும். மெல்லிய டயர் வண்டி வேண்டாம்.

ஒரே நாள்தான் இருக்கிறது. எங்கே போகலாம்?

லாடரிலிருந்து ஓட்டுரேஹுவா. நடுவில் பூல்பர்ன் பள்ளத்தாக்கு: 37 மீட்டர் உயரப் பாலம், பாறையைக் குடைந்த இரண்டு சுரங்கப்பாதைகள். சுரங்க வாசலில் வண்டியை நிறுத்தி, அந்தக் கல் வளைவைக் கையால் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லோடு பொருந்தி உட்கார்ந்திருக்கும். உள்ளே விளக்கு கிடையாது, டார்ச் அவசியம். இறங்கி உருட்டிக்கொண்டே போங்கள். பள்ளத்தாக்குக்குள் கார் வராது, பாதியில் யாரும் வந்து கூட்டிப்போக முடியாது. தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில்?

வழியை ஒட்டிய ஓஃபிர் என்ற ஊரில் 1995 ஜூலையில் (அங்கே அதுதான் குளிர்காலம்) மைனஸ் 21.6 டிகிரி பதிவானது. கோடையில் போங்கள்.

சுரங்கத்துக்குச் செல்போன் வெளிச்சம் போதாதா?

போதாது. டார்ச்.

கிராமத்து ரயிலைப் பிடுங்கிவிட்டுச் சுற்றுலாவா? இதைக் கொண்டாடலாமா?

இதற்கு மட்டும் ஏழு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். சரி, பேசிவிடுவோம். ரயில் கிளைடுக்கு வந்தது 1907. பழத்தோட்டங்களும் ஆட்டுப்பண்ணைகளும் அதை நம்பி வளர்ந்தன. அப்புறம் சரக்கு லாரிக்குப் போனது. கடைசியாகக் கிளைடு அணைக்கட்டு வேலைக்குச் சாமான் ஏற்றியது, அணை வேலை முடியும் சமயத்தில், 1990இல், மூடினார்கள். சைக்கிளுக்காக யாரும் ரயிலை நிறுத்தவில்லை. டனீடின் பக்கமிருந்து மிடில்மார்ச் வரையுள்ள தண்டவாளத்தை டனீடின் நகராட்சி வாங்கிக் காப்பாற்றியது. மீதியில் தடம் முழுதாகத் திறந்தது 2000இல். "வயலுக்குக் கொடுத்திருக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படிக் கொடுத்திருந்தால் அந்தப் பாலங்களைப் பராமரிக்க யார் இருந்திருப்பார்கள்? இன்று வழிநெடுக விடுதியும் டீக்கடையும் நடத்திக் குடும்பங்கள் பிழைக்கின்றன. ரயில் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஹைட் பக்கத்தில் 1943 ரயில் விபத்தில் இறந்த 21 பேருக்கான நினைவுக்கல்லை நின்று பார்த்துவிட்டுப் போங்கள், எத்தனை பேருடைய பயணம் இந்த வழி என்று புரியும்.

வழியில் கேட் வந்தால்?

திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. உள்ளே ஆடு மேய்கிறது.

சுரங்கத்தில் விளக்கு உண்டா?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். இல்லை. ஆளுக்கொரு டார்ச், குழந்தைக்கும் தனியாக.