தமிழ் வகுப்பில் முதல், கேன்டீனில் தனி

கேள்வி: டீச்சர், கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் வந்து எட்டு மாதம் ஆகிறது. மகள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். தமிழில் வகுப்பிலேயே அவள்தான் முதல். ஆனால் உள்ளூர்த் தமிழ்ப் பிள்ளைகள் அவளைச் சேர்த்துக்கொள்வதில்லை. சீன, மலாய்ப் பிள்ளைகளை விடுங்கள், நம் பிள்ளைகளுமா இப்படி?
- ஒரு தாய், ஈசூன்

பதில்: ‘அவள்தான் முதல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிச் சிக்கல் அங்கேதான்.

இங்கே இருபத்தாறு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு வருடம் மதுரையிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். இங்கேயே பிறந்த இன்னொருத்தி பாடம் வாசிக்கையில் ‘பளம்’ என்றதும், பட்டென்று ‘பழம்’ என்று திருத்தினாள். (மதுரையிலேயே எத்தனை பேர் ‘பளம்’ என்கிறார்கள் என்பது வேறு கதை.) அன்றோடு உள்ளூர்ப் பெண் என் வகுப்பில் வாயை மூடிக்கொண்டாள். சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எல்லா இனத்தவரையும் சேர்த்து, வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2.5 சதவீதம், ஆங்கிலம் என்றவர்கள் 48.3. இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம். அதில் போய்க் குட்டு வாங்கினால் எப்படி இருக்கும்?

கேன்டீனில் நிலைமை தலைகீழ். சிங்லிஷ், அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம், பறக்கும், மதுரைப் பெண் தட்டோடு ஓரமாக நிற்பாள். இருவருக்கும் இருந்தது கூச்சம். எங்கள் கண்ணுக்குத் திமிர் மாதிரித் தெரிந்தது.

பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். ம்ஹூம். அப்புறம் இணைப்பாட நடவடிக்கையில் (பாடத்துக்கு வெளியே பள்ளி நடத்தும் விளையாட்டு, கலைக் குழுக்கள்) இரண்டு பேரும் நெட்பால் குழுவில் மாட்டிக்கொண்டார்கள். பயிற்சி முடிந்தால் பசி, பஸ் வர நேரமாகும், பயிற்சியாளரைக் கிண்டலடிக்க ஏதாவது ஒரு பாஷை வேண்டும். ஒரு மைலோ பெங் (ஐஸ் போட்ட மைலோ) வாங்கி இரண்டு ஸ்ட்ரா போட்டுக் குடித்ததை நானே பார்த்தேன். பேசியது பாதி தமிழ், பாதி சிங்லிஷ், இலக்கணம் சுத்தமாகக் கிடையாது. தமிழ் டீச்சராக இருந்தும் நான் திருத்தவில்லை.

‘நம் பிள்ளைகள்’ என்று வேலி போடாதீர்கள், அம்மா. உங்கள் மகளுக்கு முதலில் கிடைக்கும் தோழி பக்கத்து மேசை மலாய்ப் பெண்ணாகவும் இருக்கலாம்.

ஒன்று கேட்கிறேன். உயர்நிலையில் இணைப்பாட நடவடிக்கை கட்டாயம். மகள் எதில் இருக்கிறாள் என்று நீங்கள் எழுதவே இல்லை. பயிற்சி முடிந்ததும் டியூஷனுக்கு நேரமாச்சு என்று கேட்டிலிருந்தே கூட்டிக்கொண்டு போகிறீர்களோ? டியூஷனை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். கையில் இரண்டு வெள்ளி (டாலர்) அதிகமாகக் கொடுத்தனுப்புங்கள்.