"மனைவியைத்தான் அடிக்கிறார், பிள்ளைகளைத் தொடுவதில்லை" என்றால் பிள்ளைகளுக்குப் பாதிப்பு இல்லையா?

இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பையன், ஏழு வயது இருக்கும், வாசலில் அப்பாவின் பைக் சத்தம் கேட்டதும் விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே ஓடித் தங்கச்சியைப் பின்கட்டுக்கு இழுத்துப் போவான். அவன் மேல் ஒரு அடிகூட விழுந்ததில்லை என்றுதான் அந்த வீட்டில் சொல்வார்கள்.

1998-ல் அமெரிக்காவில் வெளியான சிறுவயதுக் கொடுமைகள் பற்றிய பெரிய ஆய்வு, தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்வதையே தனி வகைக் கொடுமையாகக் கணக்கில் எடுத்தது. அப்புறம், "தொடுவதில்லை" என்பதும் நெடுநாள் நிற்காது. குறுக்கே வந்து அம்மாவைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைக்கும் அடி விழும், இடுப்பில் இருக்கும் கைக்குழந்தைக்கும் விழும், சில வீடுகளில் அவளைப் பணியவைக்கவே பிள்ளையை அடிப்பார்கள். அடி வாங்கிய அம்மா அந்த ஆத்திரத்தைப் பிள்ளை முதுகில் காட்டுவதும் உண்டு, இதைச் சொன்னால் பலருக்குப் பிடிக்காது.

"பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்" என்று பெரியவர்கள் சொல்வதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. இந்தியாவில் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவோடு பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவும் கேட்கலாம் (பிரிவு 21). தகப்பன் வந்து பார்ப்பது பிள்ளைக்குக் கெடுதல் என்று தோன்றினால் அதையும் மாஜிஸ்திரேட் மறுக்கலாம். அவசரத்துக்குப் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பக்கத்து வீட்டுக்காரரும் கூப்பிடலாம்.