கேசட்டிலிருந்து சிடிக்கு: எதை வாங்குவது, எதை விடுவது?

பழைய கேசட்டையும் இசைத்தட்டையும் வீட்டிலேயே சிடியில் ஏற்ற விரும்புகிறவர்கள் கேட்டவை இவை. ஒரு காலத்தில் பாட்டுப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு கேசட் பதிவு செய்து கொடுத்த கடையில் வேலை பார்த்தவன் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

அப்பா சேர்த்து வைத்த கேசட்டுகள் இருநூறு இருக்கின்றன. இதற்கென்று புதுக் கணினி வாங்க வேண்டுமா சார்?

வேண்டாம். வீட்டில் இருக்கும் பழசே போதும். ஆடியோ சிடிக்கு நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், இரண்டு சேனல். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி. இன்றைய கணினிக்கு இது தூசு. ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டி வேலை செய்யும்போது இரண்டு மடங்கு இடம் பிடிக்கும், அவ்வளவுதான். 4 ஜிபி ராமும் நூறு ஜிபி காலியிடமும் இருந்தால் சரி, முடிக்க முடிக்க வெளியே மாற்றிக்கொள்ளலாம். காசைப் பிராசஸரில் கொட்டாதீர்கள். ஒலி உள்ளே நுழையும் வாசலில் போடுங்கள்.

லேப்டாப்பில் ஹெட்போன் மாட்டும் ஒரே துளைதான். டேப்ரெக்கார்டரை அதில் மாட்டினால் கரகரவென்று வருகிறது அண்ணே.

வரத்தான் செய்யும். அந்தத் துளையில் உள்ளே போகும் வழி மைக்குக்கானது. மைக் தருவது சில மில்லிவோல்ட், டெக்கின், அதாவது டேப்ரெக்கார்டரின், லைன் அவுட் துளை தருவதோ சுமார் 0.3 வோல்ட். வாய்க்காலில் ஆற்றைத் திருப்பியது போல ஆகிவிடும். போதாக்குறைக்கு அது மோனோ, ஒரே சேனல்தான்.

நானும் இதில் ஏமாந்திருக்கிறேன். முதல் முறை பதினொரு கேசட் ஏற்றி முடித்த பிறகு, ஒரு கச்சேரியைப் போட்டுக் கேட்டால் வலப்பக்கம் இருக்க வேண்டிய மிருதங்கத்தைக் காணோம்! பதினொன்றையும் மறுபடி ஓட்டினேன்.

நீங்கள் வாங்க வேண்டியது, ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ துளைகள், 'லைன் இன்' என்ற எழுத்து, இவை இருக்கிறதா என்று பாருங்கள். பெரிங்கர் யூசிஏ222 போன்ற சின்னப் பெட்டியே இந்த வேலைக்குத் தாராளம். விரல் நீளத்தில் விற்கும் மலிவான யுஎஸ்பி கார்டுகளில் பெரும்பாலும் மோனோ மைக் துளைதான் இருக்கும், தொடாதீர்கள். மேசைக் கணினி என்றால் பின்பக்கம் நீலத் துளை இருக்கிறதா பாருங்கள். அதுதான் லைன் இன், முதலில் அதில் முயன்று பார்க்கலாம்.

அப்புறம், பதிவு செய்யும்போது ஆடாசிட்டியில் தெரியும் அளவுமானியின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். சிவப்பைத் தொட்டு வெட்டுப்பட்ட ஒலி திரும்ப வராது.

இசைத்தட்டு பிளேயரை அதே பெட்டியில் மாட்டலாமா?

நேராக மாட்டினால் தகர டப்பாவுக்குள் பாடுவது போல இருக்கும். ஊசியைத் தாங்கும் சாதாரண மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட்தான். தவிர, தட்டை வெட்டும்போதே கனத்த ஒலியை (பேஸ்) குறைத்து, கீச்சொலியை (ட்ரெபிள்) கூட்டியிருப்பார்கள். அதை நேராக்க ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும். சில பிளேயர்களில் அது உள்ளேயே உண்டு, பின்னால் 'ஃபோனோ/லைன்' என்று விசை இருக்கும். 78 சுற்றுத் தட்டுக்கு எல்பி ஊசி ஆகாது, அதன் பள்ளம் அகலம். தனி ஊசி வாங்குங்கள்.

சிடி ரைட்டர் உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா? 52 எக்ஸ் வேகம் வேண்டுமா?

கேபினெட்டில் இடம் இருந்தால் உள்ளே பொருத்தும் சாட்டா ரைட்டர், லேப்டாப்புக்கு யுஎஸ்பி ரைட்டர். யுஎஸ்பி ஹப்பில் மாட்டாமல் கணினியில் நேராக மாட்டுங்கள், மின்சாரம் போதாமல் பாதியில் நிற்பதுண்டு. 52 எக்ஸைப் பெட்டியில் படித்துவிட்டு மறந்துவிடுங்கள். நான் 16 எக்ஸில்தான் எழுதுகிறேன். ஒரு காலத்தில் எழுதி முடியும்வரை மவுஸைத் தொடவே பயப்படுவோம், கணினி கொஞ்சம் திணறினாலும் தட்டு பாழ். 2000 வாக்கில், எழுதுவது தடைப்பட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் சான்யோவின் பர்ன்-ப்ரூஃப் நுட்பம் வந்த பிறகுதான் அந்தப் பயம் போனது.

90 நிமிடக் கேசட்டை ஒரே சிடியில் ஏற்ற வழி உண்டா?

தட்டின் கொள்ளளவு 80 நிமிடம். செருப்புக்காகக் காலை வெட்டாதீர்கள், இரண்டு தட்டாகப் போடுங்கள்.

கச்சேரியில் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே கைத்தட்டல் அறுந்து இரண்டு நொடி மௌனம் வருகிறதே?

சிடி எழுதும் மென்பொருளில் எழுதும் முறையை 'டிஸ்க்-அட்-ஒன்ஸ்' (முழுத் தட்டையும் ஒரே மூச்சில் எழுதுவது) என்று மாற்றி, இடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள். ரைட்டரை மாற்ற வேண்டாம்.

பதிவு முழுக்க 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல் தம்பி.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள் ஐயா. உறுமல் நின்றால் எர்த் வழியாக வருகிறது. பேட்டரியிலேயே பதிவு செய்யலாம்.

எல்லாம் வாங்கிவிட்டேன். இருந்தும் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து கேட்பது போல மங்கலாக இருக்கிறதே?

முதலில் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டைத் துடையுங்கள். பஞ்சு பழுப்பாக வரும், அது வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். அப்புறமும் மங்கலாக இருந்தால் ஹெட்டின் சாய்வு, அந்த கேசட்டைப் பதிந்த டெக்கோடு ஒத்துப்போகவில்லை. ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்னத் திருகு இருக்கும். கேசட் ஓடும்போதே, ஒலியை மோனோவில் வைத்துக்கொண்டு, அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ஜால்ராச் சத்தம் எங்கே பளிச்சென்று தெளிகிறதோ அங்கே நிறுத்தி, அதன் பிறகு பதிவுப் பொத்தானை அழுத்துங்கள்.